உஷார்! மே மாத வெயிலில் பார்த்த வீட்டை நம்பாதீர்கள்

பல்கலைக்கழக நியமன ஆணை கைக்கு வந்துவிட்டது. ஜூனில் சேர வேண்டும். மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ குழந்தை குட்டிகளோடு சென்னைக்குக் குடிவரப் போகிறீர்கள். இரண்டு நாள் லீவில் வந்து, புரோக்கரின் பைக்கில் ஏறி, நாலைந்து வீடு பார்த்து, ஒன்றுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ் பிடிப்பதாகத் திட்டம். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்! மே மாதம் பார்க்கிற தெரு வேறு, டிசம்பரில் நீங்கள் நிற்கப் போகிற தெரு வேறு.

2015-இல் நானும் இப்படித்தான் வந்தேன். முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு. அகலமான தெரு, வாசலில் வேப்பமரம், மகள் நடந்தே போகிற தூரத்தில் பள்ளி, கைக்கு அடக்கமான வாடகை. "தண்ணி எப்படி?" என்று கேட்டேன். "போர்ல எந்நேரமும் வரும் சார்" என்றார் புரோக்கர். நான் விசாரித்திருக்க வேண்டிய தண்ணீர் அதுவல்ல என்று டிசம்பர் 1-ஆம் தேதி இரவுதான் புரிந்தது.

தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. நாங்கள் வாசலில் கோணிப்பையைத் திணித்துக்கொண்டிருந்தோம். தண்ணீரோ பாத்ரூம் குழி வழியாகக் குமிழ்விட்டு உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குக் கணுக்கால், பதினொன்றுக்கு இடுப்பு. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். கீழே இருட்டில், காலி சிலிண்டர் மிதந்து சமையலறைக் கதவில் முட்டுகிற சத்தம் விடிய விடியக் கேட்டது. மறுநாள் படகில் வெளியே வந்தோம். என் சான்றிதழ்கள், மகளின் கைக்குழந்தைப் படங்கள் எதுவும் மிஞ்சவில்லை.

"அது செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்ட வருஷம், இனிமே வராது" என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது நிஜம். சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் பட்ட பாட்டில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த உபரிநீர் அடையாற்றில் கலப்பதே திருநீர்மலை அருகில்தான். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கும் மேலே இருக்கின்றன. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். பெருமழை பெய்தால் அது வரும். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது வந்தது.

கிண்டி, அடையாறு பக்கம் வேலை கிடைத்தவர்கள் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை என்று பார்ப்பார்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம்தான் தென்சென்னையின் வடிகால். சுற்றுவட்டார ஏரிகளின் மிச்சத் தண்ணீரெல்லாம் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த அந்த நிலத்தில், ஏற்கெனவே பெரும்பகுதி வீடுகளாகவும் சாலைகளாகவும் பெருங்குடிக் குப்பைமேடாகவும் போய்விட்டது. தண்ணீருக்கு இடம் எங்கே? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அந்த வரிசையைப் பார்த்திருந்தால் எந்தப் புரோக்கர் பேச்சும் காதில் ஏறாது.

அதற்காக அந்த ஊர்களே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒரு தெருவில் முழங்கால்கூட நனையாது, அடுத்த தெருவில் ஆள் முங்கும். ஆகவே ஊரை விசாரிக்காதீர்கள், தெருவை விசாரியுங்கள். வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் போய், "2015-ல எவ்வளவு, 2023-ல எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார், அல்லது "இங்க ஒண்ணும் வராது" என்பார். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

கண்ணுக்கும் வேலை கொடுங்கள். ரோட்டின் மேல் ரோடு போட்டே பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். பாத்ரூம் கதவின் அடிப்பலகை உப்பியிருக்கிறதா? தண்ணீர் மோட்டாரை ஆள் உயர மேடையில் தூக்கி வைத்திருக்கிறார்களா? சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் புதுப் பெயின்டா? அதெல்லாம் சும்மா செய்ததில்லை. மாடி வீடு என்றால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை, பால் இல்லை என்று நாலு நாள் வயதான அம்மாவோடு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். திடீர் மழையில் பள்ளியை விட்டுவிட்டால், அரைக் கிலோமீட்டர் நடந்து குழந்தையைத் தூக்கிவந்துவிடலாம்.

அட்வான்ஸிலும் உஷார். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக எழுதிக்கொள்ள இடம் விட்டிருப்பதால் பத்து மாதம் கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. நானும் பத்து மாதம் கொடுத்தேன். வெள்ளத்துக்குப் பிறகு காலி செய்தபோது அது மொத்தமாகக் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதுவரை மச்சான் வீட்டில், ஒரே அறையில், கடன் வாங்கிக் காலம் தள்ளினோம். வெள்ளம் புகுந்தால் உடனே காலி செய்யலாம், முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறாரென்றால் அந்த வீட்டைப் பற்றி அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

முடிந்தால் முதல் மாதம் வளாக விருந்தினர் விடுதியில் தனியாகத் தங்குங்கள். அலுவலக உதவியாளர்களிடமும் கேன்டீன்காரரிடமும் பேச்சுக் கொடுங்கள். எந்தத் தெரு எப்படி என்று அவர்களுக்கு அத்துப்படி. "இன்னைக்கே டோக்கன் குடுக்கலைன்னா வீடு போயிடும் சார்" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், போகட்டும்.