பயண அட்டையும் மேற்பார்வையும்

சங்க அலுவலாக வெளியூர் சென்று திரும்பும் ஊழியர் பிரயாணப்படி பில் எழுதித் தருவதையும், காரியதரிசி அதில் கையொப்பமிடுவதையும் நம் அங்கத்தினர்கள் அறிவர். கையொப்பமிடுபவர் அந்தப் பில்லை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பதே கேள்வி. இதற்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசாங்கத்தின் அனுபவம் பெரிதும் உதவுமென நாம் கருதுகிறோம்.

அந்நாட்டில் 1998-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மத்திய அரசாங்க ஊழியர்கள் உத்தியோகப் பிரயாணச் செலவுகளை, சில விலக்குகள் நீங்கலாக, அரசாங்கம் ஏற்பாடு செய்த அட்டையைக் கொண்டே செய்யவேண்டுமென விதித்தது. அக்கணக்குகள் இருவகைப்படும். ஒன்று ஊழியரின் பெயரில் உள்ளது. பாங்கிக்குக் கடனைத் தீர்க்கும் பொறுப்பு அவருடையது. அவர் முறையான பில் தந்த 30 நாட்களுக்குள் அரசாங்கம் அவருக்குப் பணம் தரவேண்டும். மற்றொன்று இலாகாவின் பொதுக் கணக்கு. பெரும்பாலும் விமான டிக்கெட்டுகள் இதன்வழி வாங்கப்படும். பாங்கிக்கு இலாகாவே நேரே செலுத்தும்.

ஊழியர் பெயரிலுள்ள அட்டையைப் பற்றியே ஊர் அதிகம் பேசும். பாதுகாப்பு இலாகாவின் தணிக்கையாளர் 2015-ல் வெளியிட்ட அறிக்கையில், ஓராண்டில் சூதாட்ட விடுதிகளில் சொந்தக் காரியத்துக்காக அட்டையில் 9,52,258 டாலர் செலவாகியிருந்ததெனக் கண்டனர். இது வெட்கக்கேடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கடன் ஊழியரின் கடன். பொய்ப் பில் எழுதினாலன்றி அது பொதுப்பணத்தைத் தொடாது.

பொதுப்பணம் ஒழுகியது வேறிடத்தில். காங்கிரஸின் கீழ் இயங்கும் கணக்குத் தணிக்கைக் காரியாலயம், சில விமானக் கம்பெனிகள் தந்த விவரங்களை மட்டும் கொண்டு 2004-ல் ஆராய்ந்தது. பாதுகாப்பு இலாகா பணம் செலுத்தி வாங்கிய சுமார் 58,000 டிக்கெட்டுகள் முழுதுமோ ஒரு பகுதியோ உபயோகிக்கப்படாமல் கிடந்தன. அவற்றின் மதிப்பு 2.1 கோடி டாலருக்கு மேல். கேட்டால் திரும்பக் கிடைக்கக்கூடிய பணம் அது, கேட்பாரில்லை! பிரயாணம் ரத்தானால் ஊழியரே தெரிவிப்பார் என்று இலாகா நம்பியிருந்தது. தம் கையிலிருந்து ஒரு காசும் செலவிடாத ஊழியருக்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளக் காரணம் ஏது? சூதாட்ட விடுதிக் கணக்கைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட இத்தொகையில் திருட்டு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இல்லை. வெறும் பாராமுகமே.

அதே ஆண்டில் வந்த மற்றொரு அறிக்கை இதனினும் வியப்பளிப்பது. இலாகா ஏற்கெனவே பொதுக் கணக்கில் வாங்கிய டிக்கெட்டுக்கே, ஊழியர் தாம் செலவிட்டதாக எழுதிய பில்லின்மேல் மறுபடியும் பணம் கொடுக்கப்பட்டிருக்கலாம் எனத் தணிக்கையாளர் கண்டனர். இத்தகைய இனங்கள் சுமார் 27,000. தொகை 80 லட்சம் டாலருக்கு மேல். டிக்கெட் வாங்கும் பிரிவின் பேரேடும், பில் பாஸ் செய்யும் பிரிவின் பேரேடும் ஒரே மேஜைக்கு வந்ததில்லை. மேற்பார்வையின் வலுவைச் சோதிக்க, தணிக்கையாளர்கள் கற்பனையான பிரயாண உத்தரவு ஒன்றைத் தயாரித்து, வாஷிங்டனிலிருந்து அட்லாண்டாவுக்கு இலாகாவின் கணக்கில் டிக்கெட்டே பெற்றுவிட்டனர்.

உயர்வகுப்பு டிக்கெட்டுகளின் கதையும் இத்தகையதே. 2001, 2002 நிதியாண்டுகளில் வாங்கிய 68,000-க்கு மேற்பட்டவற்றுள் நூற்றுக்கு 72 முறையான அனுமதியின்றி வாங்கப்பட்டவை என 2003-ல் மதிப்பிடப்பட்டது.

2012-ல் இயற்றிய சட்டம் இக்குறைகளை நேராகவே எடுத்துக்கொண்டது. அட்டை தருமுன் ஊழியரின் கடன் நாணயத்தை விசாரித்தல், உபயோகிக்காத டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வந்ததா எனச் சரிபார்த்தல், அரசாங்கம் செலுத்திய பில்லுக்கே ஊழியருக்கும் பணம் தராமல் தடுத்தல் ஆகியவை இலாகாக்களின் கடமையாயின. இவற்றுள் இரண்டாவதே மிகப் பயனுடையதென்பது நம் அபிப்பிராயம். காகித டிக்கெட்டாவது மேஜையறையில் கிடந்து கண்ணில் படும். இன்றைய மின்னணு டிக்கெட்டோ எவர் கண்ணிலும் படாது. பிரயாண ஏஜெண்டிடம் உபயோகிக்காதவற்றின் ஜாபிதாவைக் காலந்தோறும் கேட்டு வாங்கி, பிரயாண உத்தரவுகளோடு ஒவ்வொன்றாய் ஒத்துப்பார்த்தாலொழிய அப்பணம் விமானக் கம்பெனியிடமே தங்கிவிடும்.