குடும்ப வன்முறையும் சமயச் சமூகங்களின் விசாரணை அவைகளும்: குருவிகுளம் வட்டாரப் பின்புலத்தில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் பெண்ணின் முறையீடு பெரும்பாலும் அவள் சார்ந்த சமயச் சமூகத்தையே முதலில் அடைகிறது. அங்கு அவளுக்குக் கிடைக்கும் தீர்வை, சமயநூலின் கூற்றைக் காட்டிலும் விசாரிக்கும் அவையின் அமைப்பும் அது எழுப்பும் வினாவுமே தீர்மானிக்கின்றன என்பதைப் புதுக்கோட்டைப் பெண்கள் ஜமாஅத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப வன்முறை, ஊர்க்கூட்டம், சேகரம், ஜமாஅத், சமரசம், பாதுகாப்பு ஆணை.

முன்னுரை

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் குருவிகுளம் அமைந்துள்ளது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, இவ்வொன்றியம் அம்மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாயிற்று. குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ச் செயல்படும் பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கிறார். கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் குடியிருப்புகளின் அருகிலேயே இருக்கின்றன. இத்தகைய ஊரகப் பகுதிகளில் முறையீடு முதலில் எங்குச் செல்லும் என்பதை இத்தொலைவே பெரிதும் முடிவு செய்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணம் கண்ட பெண்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு உள்ளானவர்கள். எனவே முதலில் கேட்கும் அவை எவ்வாறு கேட்கிறது என்பது ஆராயத்தக்கது.

மூவகை அவைகள்

இந்துக் குடும்பங்களின் பிணக்குகள் உறவின்முறைப் பெரியவர்களிடமோ ஊர்க்கூட்டத்திடமோ செல்கின்றன. இனி அடிப்பதில்லை என்று கோவில் முன் கணவனைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி மனைவியை அவனுடன் அனுப்பிவைப்பது ஊரக வழக்கு. தென்னிந்தியத் திருச்சபையில் சேகரக்குருவும் சபைப் பெரியவர்களும், கத்தோலிக்கத் திருச்சபையில் பங்குத்தந்தையும் அறிவுரை கூறுகின்றனர். இசுலாமியரிடையே பள்ளிவாசல் ஜமாஅத் விசாரிக்கிறது. இம்மூன்றுக்கும் பொதுவான கூறுகள் இரண்டு. விசாரிப்போர் பெரும்பாலும் ஆண்கள் என்பது ஒன்று. குடும்பம் பிரியாமல் காப்பதே வெற்றி எனக் கருதப்படுவது மற்றொன்று.

நூலும் தேர்வும்

சமயநூல்கள் இப்பொருளில் ஒரே குரலில் பேசுவதில்லை. மனுநூலின் எட்டாம் அத்தியாயம் தவறிழைத்த மனைவியை அடிப்பதற்கு இடந்தருகிறது. மூன்றாம் அத்தியாயம் பெண்கள் போற்றப்படும் இல்லத்தைச் சிறப்பிக்கிறது. எபேசியர் ஐந்தாம் அதிகாரம் மனைவியின் கீழ்ப்படிதலைக் கூறும் இடத்திலேயே, மனைவியைத் தன் உடலைப்போல் நேசிக்கும் கடமையைக் கணவனுக்கு விதிக்கிறது. திருக்குர்ஆனின் 4:34ஆம் வசனத்தின் பொருள் குறித்து உரையாசிரியர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. அதனை அடுத்த வசனமோ கணவன் தரப்பில் ஒருவரும் மனைவி தரப்பில் ஒருவருமாக இரு நடுவர்களை அமர்த்தக் கூறுகிறது. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (விதி 1153), உடலுக்கோ உள்ளத்துக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையைப் பிரிந்திருக்க அனுமதிக்கிறது. தாமதம் ஆபத்தானால் தானாகவே பிரியலாம் என்றும் கூறுகிறது. ஆகவே முறையிடும் பெண்ணிடம் எப்பகுதி எடுத்துரைக்கப்படுகிறது என்பது நூலைச் சார்ந்ததன்று, எடுத்துரைப்பவரைச் சார்ந்தது.

புதுக்கோட்டைப் பெண்கள் ஜமாஅத்

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் ஆகும். தாவூத் ஷரீஃபா கானம் புதுக்கோட்டையில் நிறுவிய 'ஸ்டெப்ஸ்' பெண்கள் அமைப்பின் பணியிலிருந்து இது உருவாயிற்று. ஆண்கள் மட்டுமே அமரும் ஜமாஅத்தில் பெண் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க இயலாத நிலை பரவலாக இருந்தது. அவள் சார்பில் ஆண் உறவினர் பேச, அவள் இல்லாமலேயே முடிவு எடுக்கப்பட்டது. பெண்கள் ஜமாஅத் இம்முறையை மாற்றியது. பெண்ணே தன் முறையீட்டைக் கூறினாள். எதிர்த்தரப்பினரும் உள்ளூர் ஜமாஅத்தும் விளக்கம் கேட்கப்பட்டனர். தேவைப்பட்டபோது வழக்கு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. 2011ஆம் ஆண்டு தீபா தன்ராஜ் இயக்கிய ஆவணப்படம் இவ்விசாரணைகளைப் பதிவு செய்துள்ளது. பெண்களுக்கெனப் பள்ளிவாசல் அமைக்கும் முயற்சி எதிர்ப்பையும் சந்தித்தது. இங்கு நூல் மாறவில்லை, சமயமும் கைவிடப்படவில்லை. கேட்கும் இருக்கையில் அமர்ந்தவர்களே மாறினர்.

சட்டம் வகுக்கும் எல்லை

கொடுமையை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்பதில் சமயவழிச் சட்டங்கள் ஒரே காலத்தில் முன்னேறவில்லை. இசுலாமியப் பெண்ணுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டமும், இந்துப் பெண்ணுக்கு 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வுரிமையை அளித்தன. கிறித்தவப் பெண் கொடுமையை மட்டுமே காரணமாகக் காட்டி மணமுறிவு பெறுவது 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே இயன்றது. 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாச் சமயப் பெண்களுக்கும் பொதுவானது. கணவன் வீட்டில் வசிக்கும் உரிமை, பாதுகாப்பு ஆணை, பொருளுதவி ஆகியவற்றை மணமுறிவு கோராமலேயே அது வழங்குகிறது.

இச்சட்டத்தின்கீழ் 2006இல் வகுக்கப்பட்ட விதிகள் ஆற்றுப்படுத்துதலுக்கும் ஓர் எல்லை இடுகின்றன. வன்முறை மீண்டும் நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே அதன் நோக்கம்; தான் செய்த வன்முறைக்கு எதிர்த்தரப்பினர் நியாயம் கற்பிக்க இடமில்லை. ஊர் அவை வழக்கமாக எழுப்பும் முதல் வினா 'ஏன் அடித்தான்?' என்பது. அவ்வினா பெண்ணின் நடத்தையை விசாரணைப் பொருளாக்குகிறது. விதிகள் விலக்குவது இவ்வினாவையே.

சமய அவைகளின் முடிவுகளுக்குச் சட்ட வலிமை இல்லை என்பதும் இங்கு நினையத்தக்கது. ஃபத்வா எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் இவ்வவைகளுக்கு ஒரு சட்டவழிப் பங்கு உண்டு: வன்முறை பற்றி அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்துடன் தருபவர்மீது வழக்குப் பொறுப்பு எழாது எனச் சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது.

முடிவுரை

சமயச் சமூகம் குடும்ப வன்முறைக்குத் தடையாகவும் திரையாகவும் அமையக்கூடும். பெண் தானே பேசுதல், விசாரிப்போரில் பெண்கள் இருத்தல், சமரசத்திற்கு முன் பாதுகாப்பை உறுதி செய்தல், தேவையான இடத்தில் சட்டத்திடம் ஒப்படைத்தல் ஆகிய நான்கும் நிறைவேறும் அவை தடையாகிறது. இவை இல்லாத அவையில், சத்தியமும் செபமும் அறிவுரையும் பெண்ணை வன்முறை நிகழ்ந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பும் வழிகளாகிவிடுகின்றன. மாவட்டத் தலைமையிடம் தொலைவிலுள்ள குருவிகுளம் போன்ற ஒன்றியங்களில் இவ்வேறுபாடு பெண்ணின் உயிரோடு தொடர்புடையது. இவ்வட்டாரத்தின் ஊர்க்கூட்டங்கள், சேகரங்கள், ஜமாஅத்துகள் ஆகியவற்றின் விசாரணை முறைகளை ஒப்பிடும் கள ஆய்வுகள், சமயநூல் ஆராய்ச்சி மட்டும் தர இயலாத தெளிவைத் தரும்.