சாவி வாங்கும் முன் ஒரு கடிதம் வாங்குங்க!



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "மேடம், எங்க குழுவுல ஒரு அம்மா ரிட்டயர்டு ஆயிட்டாங்க. ஒரு வீட்டைப் பார்த்துக்கச் சொல்லிக் கூப்பிடுறாங்க. ராத்திரி காவலுக்குப் படுத்துக்கணுமாம். போகலாமா?"

போகலாம். ஆனால் சும்மா தலையாட்டிவிட்டுப் போகக் கூடாது. இந்த மாதக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நம்ம திருத்தணியில் பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைங்க சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டார்கள். சிலர் பெங்களூர், சிலர் வெளிநாடு. பேரப் பிள்ளையைப் பார்க்க அம்மா அப்பாவும் கிளம்பிவிடுகிறார்கள். இங்கே வீடு, தோட்டம், துளசி மாடம், சில வீட்டில் ஒரு நாய். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேடுகிறவர்கள் வாட்ச்மேனைத் தேடுவதில்லை. "அந்த சத்துணவு அம்மாவைக் கேளு, பால்வாடி டீச்சரைக் கேளு" என்றுதான் வருகிறார்கள். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள் மேல் ஊருக்கு நம்பிக்கை உண்டு. ஓய்வூதியம் மருந்துக்கும் மளிகைக்குமே இழுக்கிறபோது, இப்படி ஒரு வருமானம் வந்தால் நல்லதுதானே என்று நம்ம உறுப்பினர்களும் நினைக்கிறார்கள். நினைப்பதில் தப்பே இல்லை.

இது வேலை, உபகாரம் இல்லை

வெளிநாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். அங்கே பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஊர் சுற்றப் போனவர் வீட்டில் இலவசமாகத் தங்கி, அவருடைய பூனையையோ நாயையோ பார்த்துக்கொள்வார்கள். பென்ஷன் நன்றாக வருகிறவர்களுக்கு அது ஒரு சுற்றுலா மாதிரி. அதற்கென்றே இணையத்தில் சந்தா கட்டிச் சேருகிற கம்பெனிகள் இருக்கின்றன. 2022-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு பெண் அப்படித்தான் பூனை பார்த்துக்கொள்ள கனடாவுக்குக் கிளம்பினார். வழியில் அமெரிக்காவில் இறங்கினபோது, சம்பளம் வாங்காவிட்டாலும் இது வேலைதான் என்று சொல்லி அங்குள்ள அதிகாரிகள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்க அதிகாரிக்கே புரிகிறது. நம்ம ஊரில் மட்டும், "வீடு சும்மாதானே இருக்கு, ஃபேன் காத்துல நிம்மதியா படுத்துக்கோங்களேன், அதுக்கு என்ன காசு" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குப் படுக்கச் சொந்த வீடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவர்கள் வீட்டில் படுப்பதுதான் வேலை. பகலில் ஒரு நடை போய்ப் பெருக்கித் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு தொகை, ராத்திரி தங்குவதற்குத் தனித் தொகை, நாய் இருந்தால் அதற்கும் தனி என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பழைய புடவையும் ஒரு மூட்டை அரிசியும் சம்பளக் கணக்கில் வராது. பணம் உங்கள் வங்கிக் கணக்கில் நேராக வரட்டும். பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் பாஸ்புக்கே பேசும்.

பொருள் காணோம் என்றால் முதலில் யாரைக் கேட்பார்கள்?

இதுதான் முக்கியமான விஷயம். சாவி யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

நமது குழு உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரிந்த குடும்பம் என்று எட்டு மாதம் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு வந்தார்கள். பூஜை அறையில் இருந்த வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்றைக் காணவில்லை. "நீங்க எடுத்தீங்கன்னு சொல்லலம்மா, ஆனா வீட்டுல நீங்க மட்டும்தானே இருந்தீங்க" என்றார்கள். மூன்று நாள் அந்த அம்மா சாப்பிடவில்லை. தெருவில் எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் வீட்டுக்காரரின் தங்கை போன் செய்து, வளைகாப்புக்கு வேண்டும் என்று தான்தான் எடுத்துப் போனதாகச் சொன்னார். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது! அப்படி ஒரு சாவி இருப்பதே நம்ம அம்மாவுக்குத் தெரியாது. விளக்கு திரும்ப வந்தது. அந்த வீட்டுப் பக்கம் அவர் மறுபடி போகவில்லை.

ஆகவே சாவியைக் கையில் வாங்கும் முன் மூன்று விஷயம் நடந்தாக வேண்டும். முதலாவது, வேறு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குவது. அவர்கள் வந்தால் உங்களுக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது என்றும் அதில் இருக்கட்டும். இரண்டாவது, நகை, பணம், வெள்ளி, பத்திரம் எதுவும் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது. "பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்" என்றால், "லாக்கர்ல வெச்சுட்டு வாங்க, அப்புறம் சாவி வாங்கிக்கிறேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். இது மரியாதைக் குறைவு கிடையாது. மூன்றாவது, வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது. நம்ம வீட்டுப் பெண்ணையோ பேரனையோ கூட அழைத்துப் போய் செல்போனில் வீடியோ எடுத்து, அதை வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். டிவியில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அதுவும் தெரியட்டும். வேலை முடித்துச் சாவி கொடுக்கும்போதும் இதே மாதிரி ஒரு நடை.

கேமரா இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆந்திரப் பக்கம், ஊருக்குப் போகிறோம் என்று எல்.எச்.எம்.எஸ். என்ற செல்போன் செயலியில் வீட்டுக்காரர் பதிவு செய்தால், போலீசே பூட்டிய வீட்டுக்குள் கேமரா வைத்துக் கண்காணிக்கிற ஏற்பாடு உண்டு. நகரி, புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற நம்ம உறுப்பினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கேயும் வீட்டுக்காரர்கள் சொந்தமாகக் கேமரா மாட்டுகிறார்கள். வாசலில், ஹாலில் இருந்தால் நமக்கும் நல்லதுதான். நாம் படுக்கிற அறையிலோ குளியலறையிலோ வைத்தால் அது குற்றம்.

எழுதிக் கொடுக்க வீட்டுக்காரர் தயங்கினால்

"எழுதிக் கொடுத்தா நாளைக்கு வீட்டுல உரிமை கேப்பாங்க" என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு பயம். அந்தப் பயம் தேவையில்லை. கோவாவில் ஒரு வீடு சம்பந்தமான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. காவலாளியோ, பார்த்துக்கொள்பவரோ, வேலையாளோ எத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தாலும் அதில் உரிமை வராது. சொந்தக்காரர் கேட்டால் உடனே ஒப்படைக்க வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். "பத்து வருஷம் இருந்தா வீடு நமக்குத்தான்" என்று யாராவது உங்களுக்கு ஆசை காட்டினாலும் இதையே சொல்லுங்கள்.

போலீஸ் விஷயம்

ஊருக்குப் போகும் முன் பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் சொன்னால், ரோந்து வரும்போது அந்த வீட்டையும் பார்ப்பார்கள். அந்தத் தகவலை வீட்டுக்காரரே கொடுக்க வேண்டும். அதில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு பீட் போலீஸ் வந்து "நீ யாரும்மா" என்று கேட்கும்போது பதில் தயாராக இருக்கும்.

திருட்டே நடந்துவிட்டால்? நாம் உள்ளே போய் எதையும் தொடக் கூடாது. வெளியே நின்று 100 அல்லது 112-க்குப் போன், அடுத்து வீட்டுக்காரருக்கு. அப்புறம் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிற பாதுகாப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவுப்படி, சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர் வசிக்கிற இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். 43-வது பிரிவுப்படி, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால், பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வக்கீல் வைக்கக் காசு இல்லையே என்று கலங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம்.

பூட்டின வீட்டில் பார்க்க வேண்டியவை

தண்ணீர்தான் பெரிய தலைவலி. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆள் இல்லாத வீட்டில் பூத்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு, மூடி சரியாக இல்லாத சம்ப், மொட்டை மாடியில் கிடக்கிற பழைய டயர் எல்லாம் அதற்கு வசதி. வாரம் ஒரு நாள் குறித்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் காய விடுங்கள். உபயோகிக்காத டாய்லெட்டிலும் வாரம் ஒருமுறை தண்ணீர் விடுங்கள்.

அடுத்தது பாம்பு. மலையடிவாரம், ஏரிக்கரை ஓரம் இருக்கிற வீடுகளில் சொல்லவே வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே தெரியாமல் கூட இருக்கலாம், அதனால்தான் ஆபத்து அதிகம். "எனக்குத் தரையில படுத்தாத்தான் தூக்கம் வரும்" என்கிற அம்மாக்களே, அந்த வீட்டில் மட்டுமாவது கட்டில் கேளுங்கள். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். பக்கத்தில் டார்ச் இருக்கட்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விஷமுறிவு மருந்து அங்கே உண்டு.

கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரில் மூடிவிட்டுத்தான் வீட்டுக்காரர் கிளம்ப வேண்டும். உள்ளே நுழையும்போது கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். விளக்கேற்றச் சொன்னால் ஏற்றுங்கள். எரிகிற விளக்கை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டக் கூடாது. கரண்ட் ரீடிங் எடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார். பில்லை வீட்டுக்காரரே கட்டட்டும், உங்கள் கைக்காசு போட வேண்டாம்.

கிருத்திகை நேரத்தில்

இது நம்ம ஊருக்கே உரிய தொல்லை. ஆடிக்கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கும் ஊர் கொள்ளாது. ரூம் கிடைக்காது. "நான் அவங்க சித்தப்பா பையன், காவடி எடுத்துட்டு வந்திருக்கோம், ஒரு ராத்திரிதான்" என்று பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். அழுகிற குழந்தையும் இருக்கும். மனசு இளகத்தான் செய்யும். வீட்டுக்காரர் போனில் செய்தியாக அனுப்பினால் மட்டும் திறங்கள். வாய் வார்த்தை போதாது. காசு வாங்கிக்கொண்டு பக்தர்களைத் தங்க வைக்கிற எண்ணம் யாருக்கும் வேண்டவே வேண்டாம்.

நம்ம உடம்பு, நம்ம வீடு

ராத்திரி தலைசுற்றல் வருகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் தனியாகத் தங்கும் வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கருத்து. பகல் நடை மட்டும் போதும். அல்லது இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து எடுங்கள். கடிதத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறவர்கள், எந்த வீட்டில் இருப்போம் என்று அந்தத் தன்னார்வலரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் அங்கே படுக்கும்போது உங்கள் வீடும் பூட்டின வீடுதான் என்பதையும் யோசியுங்கள்.

வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் நம்ம மாநிலத்தில் 2007 முதல் இருக்கிறது. ஆனால் 60 வயதைத் தாண்டியவர் புதிதாகச் சேர முடியாது. இ-ஷ்ரம் பதிவும் 59 வயது வரைதான். ஆகவே 70 வயதுக்குள் இருப்பவர்கள் வங்கியில் கேட்டு பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்துவிடுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும்.

குழு ஜாமீன் போடக் கூடாது

சில வீட்டுக்காரர்கள், "உங்க சங்கம் கேரண்டி கொடுக்குமா" என்று கேட்கிறார்கள். கொடுக்காது. உறுப்பினர் நல்லவர் என்று ஊக்குநர் வாயால் சொல்லலாம், கையெழுத்துப் போட வேண்டாம். யார், எந்த வீட்டில், எந்தத் தேதியிலிருந்து என்று தீர்மான நோட்டில் எழுதி, கடிதத்தின் நகல் ஒன்றைக் குழுக் கோப்பில் வைத்தால் போதும். ஏதாவது பிரச்சினை என்றால் பெண்களுக்கு 181, மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற உதவி எண்கள் இருக்கின்றன.

கடிதம் இப்படி இருக்கலாம். தெலுங்கில் பேசுகிற வீட்டுக்காரராக இருந்தாலும், நீங்கள் எந்த மொழியைப் படிப்பீர்களோ அந்த மொழியில் எழுதச் சொல்லுங்கள்.

"இன்ன தெரு, இன்ன எண் உள்ள எனது வீட்டை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பார்த்துக்கொள்ள திருமதி ........ அவர்களிடம் ஒப்படைக்கிறேன். பகலில் ஒருமுறை வருவதற்கு மாதம் ரூ. ...., இரவு தங்க மாதம் ரூ. .... அவரது வங்கிக் கணக்கில் செலுத்துவேன். வீட்டில் நகை, பணம், வெள்ளி, பத்திரம் ஏதும் வைக்கவில்லை. பொருட்களின் பட்டியல் பின்பக்கம் உள்ளது. பூட்டியுள்ள அறைகள்: ........ இந்த வீட்டின் வேறு சாவி வைத்திருப்பவர்கள்: ........ அவர்கள் வருவதானால் முன்கூட்டியே தெரிவிப்பேன். கேமரா உள்ள இடங்கள்: ........ காவல் நிலையத்தில் தகவல் கொடுத்த தேதி: ........ அவசரத்துக்கு என் எண்: ........ நான் கிடைக்காவிட்டால்: ........ நான் கேட்கும்போது அவர் சாவியை ஒப்படைத்துவிடுவார். அன்று வரையுள்ள சம்பளத்தை அன்றே கொடுத்துவிடுவேன். வீட்டுக்காரர் கையெழுத்து, பார்த்துக்கொள்பவர் கையெழுத்து, சாட்சிகள் இருவர்."