கூடத்துக்குள் ஒரு மலையேற்றம்

கோடை வந்தால் தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் வேலூரோடு சேர்ந்து திருத்தணி பெயரும் அடிபடும். நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் எங்கள் பக்கத்துக்கு நிரந்தர இடம். எங்கள் ஊரான பள்ளிப்பட்டு திருத்தணியிலிருந்து வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. வெயிலில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சித்திரை மாதம் காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் கிளம்பலாம் என்றால் இருட்டு, தெருநாய், நகரிப் பக்கமிருந்து வரும் லாரி. ஐம்பதைத் தொடும் ஒரு பெண் விடியற்காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தனியாகச் சாலையில் சைக்கிள் மிதிப்பதற்கு ஊரும் இன்னும் பழகவில்லை. அதனால் நான் வீட்டுக் கூடத்தில் மிதிக்கிறேன். வேறு வழியில்லாமல் செய்கிற அரைகுறைப் பயிற்சி என்று சிலர் நினைக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியையாக அரசுப் பள்ளியில் காலம் தள்ளியவள் என்ற முறையில் சொல்கிறேன், நுரையீரலுக்கும் இதயத்துக்கும் காலுக்கும் இது முழுப் பயிற்சி. சிற்றூர்ப் பெண்களுக்கு இதைவிடத் தோதான ஒன்றை நான் பார்த்ததில்லை.

என்னிடம் இருப்பது ஸ்மார்ட் டிரெய்னர். பொதுமுடக்கக் காலத்தில் பெங்களூரில் வேலை பார்த்த மகன் வாங்கியது. வெளிநாடு போகும்போது சைக்கிளோடு என்னிடம் விட்டுவிட்டுப் போனான். கியர் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்த வேண்டும். பல்சக்கரங்கள் டிரெய்னரிலேயே இருக்கும், செயின் அதன்மேல் ஓடும். உள்ளே கனமான இரும்புச் சக்கரம் ஒன்று சுழலும். அதைக் காந்தவிசை பிடித்து நிறுத்தப் பார்க்கும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று லேப்டாப்பில் ஓடும் செயலி ப்ளூடூத் வழியாகச் சொல்லும். திரையில் மேடு வந்தால் பெடல் கனக்கும். இறக்கம் வந்தால் லேசாகிவிடும். முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டிப் போனால் காற்றுத்தடை குறைந்ததாகக் கணக்குப் போட்டு, குறைந்த உழைப்புக்கே அதே வேகத்தைக் கொடுக்கும். பிரான்ஸில் ஆல்ப் டூயெஸ் என்ற புகழ்பெற்ற மலைப்பாதை 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. ஸ்விஃப்ட் என்ற செயலியில் அதை அப்படியே அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஏறும்போது என் வீட்டுத் தரையில் வேர்வை குளம் கட்டும்.

வேர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. அது உப்பு. ஹேண்டில்பார் போல்ட்டில் இறங்கினால் துருப்பிடித்து நட்டு அசையாது. அதனால் ஹேண்டில்பார் மேல் ஒரு பழைய லுங்கியை விரித்துவைப்பேன். லுங்கிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? சுற்றுவட்டாரம் முழுக்க விசைத்தறி. அந்தத் தறிச் சத்தத்தில் டிரெய்னர் போடுகிற இரைச்சல் எங்கள் தெருவில் யார் காதிலும் விழாது.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அம்மா முதன்முதலில் எட்டிப் பார்த்தபோது, "ஏமிட்டக்கா இதி?" என்று தெலுங்கில் ஆரம்பித்து, "எங்கயும் போகாத வண்டிய இப்படி மூச்சு வாங்க மிதிக்கிறீங்களே" என்று தமிழில் முடித்தாள். "போச்சா இல்லையான்னு நாளைக்கு என் தொடையக் கேளு, சொல்லும்" என்றேன். இப்போது அவளும் வருகிறாள். சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார், முழங்கால் வலியால் நடக்க முடியவில்லை. சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் தாங்குகிறது, மூட்டுக்குச் சுமை குறைவு. மிதிக்கிற தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இன்சுலினை எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் கையில் ஒரு வாழைப்பழம் வைத்துக்கொள்ள வேண்டும். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

நின்ற இடத்தில் மிதிப்பது நேற்று முளைத்த வழக்கமில்லை. 1899-ல் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர் மேஜர் டெய்லர், நாடக மேடைகளில் இப்படி மிதித்துப் போட்டி போட்டிருக்கிறார். 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் இரண்டு நிலை சைக்கிள்கள் இருந்தன. மிதித்த தூரத்தைக் காட்டச் சுவரில் வட்ட முகப்பு ஒன்றும் இருந்தது. இப்போது அந்த முகப்பின் இடத்தில் இணையம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இணையம் வந்ததும் பந்தயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பள்ளிப்பட்டில் மிதிக்கிறேன். என் பக்கத்தில் திரையில் போகிற பொம்மைக்குப் பின்னால் நார்வேயிலோ ஜப்பானிலோ நிஜமாக ஒருவர் மிதித்துக்கொண்டிருப்பார். நடுவில் நெட் போனால் என் பொம்மை மறைந்துவிடும். கரண்ட் போனால் டிரெய்னர் காற்றில் மிதிப்பதுபோல் ஆகிவிடும். இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த ஊரில் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கக் கூடாது.

2020-ல் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்தபோது இது பெரிய விளையாட்டாகவே ஆகிவிட்டது. அந்த ஜூலையில் நடந்த மெய்நிகர் டூர் டி பிரான்ஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகள், ஒரே தூரம். நிஜச் சாலையில் பெண்களுக்கென்று பல நாள் டூர் டி பிரான்ஸ் மீண்டும் வந்தது 2022-ல்தான். அதற்கு விளம்பர ஆதரவு கொடுத்ததும் ஸ்விஃப்ட் நிறுவனமே. இதை நான் சாதாரணச் செய்தியாகப் பார்க்கவில்லை. தார்ச்சாலையில் தட்டிக்கழிக்கப்பட்ட சம இடம் பெண்களுக்கு முதலில் திரையில்தான் கிடைத்தது.

2020 டிசம்பர் 9-ம் தேதி சர்வதேச சைக்கிள் சம்மேளனம் முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன் போட்டியை நடத்தியது. பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ வென்றார். ஆண்களில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது அடிப்படையில் படகு வலிப்பவர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் வெள்ளி வாங்கினார். நம் நாட்டிலும் ஒருவர் உண்டு. ராணுவ அதிகாரி பரத் பன்னு, 2020 ஜூனில் பெங்களூரில் இருந்தபடியே அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தின் மெய்நிகர் வடிவத்தில் கலந்துகொண்டார். சுமார் 4,000 கிலோமீட்டர், ஏறத்தாழ 12 நாள், மூன்றாம் இடம். நின்ற இடத்தில் சைக்கிள் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டு நாளை நினைத்துப் பார்க்கட்டும்.

ஏமாற்றும் இருக்கிறது. இந்தப் பந்தயத்தின் அடிப்படைக் கணக்கு வாட். பெடலை எவ்வளவு பலமாக, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்பதன் அளவு அது. அதை உடல் எடையால் வகுத்தால் மேட்டில் யார் முந்துவார் என்று தெரிந்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 120 வாட் மிதித்தால் கிலோவுக்கு 2 வாட். எடையைச் செயலியில் நாமே பதிய வேண்டும் என்பதால், ஐந்து கிலோ குறைத்துப் போட்டுவிட்டு மலையில் பறக்கிறவர்கள் உண்டு. பெரிய போட்டிகளில் வீரரை எடை பார்த்து, இரண்டு தனித்தனிக் கருவிகளில் வாட்டைப் பதிவு செய்து ஒப்பிடுகிறார்கள். 2019-ல் பிரிட்டனின் தேசியப் பட்டத்தை வென்றவர், மென்பொருளை வைத்து மிதிக்காமலே மிதித்ததாகக் காட்டி ஒரு மெய்நிகர் சைக்கிளைச் சம்பாதித்திருந்தது தெரியவந்து பட்டத்தை இழந்தார். என் மாணவிகளிடம் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன்.

வீட்டுக்குள் மிதிக்கிறவர்களுக்கு உண்மையான எதிரி சூடு. நாம் செலவழிக்கிற சக்தியில் நூற்றில் 20 முதல் 25 பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். 100 வாட் மிதித்தால் உடம்பு 300-லிருந்து 400 வாட் வரை வெப்பத்தைக் கக்கும். சாலையில் எதிர்க்காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விடும், கூடத்தில் அது நம்மைச் சுற்றியே நிற்கும். சீலிங் ஃபேன் போதாது. மார்புக்கு நேராக ஒரு பெரிய டேபிள் ஃபேன் வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் மோரோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் நண்பகலில் ஏறவே வேண்டாம்.

ஸ்மார்ட் டிரெய்னர் விலை அரை லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். அதைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண எக்சர்சைஸ் சைக்கிளே போதும், வாட் தெரியாவிட்டாலும் மூச்சு தெரியுமே. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடும் வேகம். தெருப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: பத்து நிமிடம் லேசாக மிதி, பிறகு ஒரு நிமிடம் கடுமையாக, இரண்டு நிமிடம் லேசாக, இப்படிச் சில தடவை, கடைசியில் ஆற அமர. மிதமான வேகமானால் வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீட் உயரம் ரொம்ப முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதற்குக் கீழே சீட் இருந்தால் முழங்கால் வலி நிச்சயம். சுடிதார் பேன்ட்டின் கீழ் விளிம்பை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். உட்கார்ந்து மிதிப்பது எலும்புக்கு வலு சேர்ப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது முக்கியம். முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் திருத்தணிக்குப் போகும்போது வண்டியில் மேலே போகாமல் 365 படியையும் ஏறட்டும்.

எனக்கு உண்மையான ஆதங்கம் என் மாணவிகளைப் பற்றி. பதினோராம் வகுப்பில் அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைக் கூட்டம் கூட்டமாக சைக்கிளில் ஏற்றிய மாநிலம் இது. இங்கேயும் பெண்பிள்ளைகள் அதை அருமையாக ஓட்டுகிறார்கள், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கால் பலத்தைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன். பிளஸ் டூ முடிந்து கல்யாணம் ஆனதும் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. அந்தக் காலில் என்ன பலம் இருந்தது என்று யாரும் அளந்துகூடப் பார்ப்பதில்லை.

அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜே வைன் 2020-ல் ஸ்விஃப்ட் நடத்திய திறமைத் தேர்வில் ஜெயித்துத் தொழில்முறை அணியில் சேர்ந்தார். 2022-ல் ஸ்பெயின் நாட்டு வுவெல்டா பந்தயத்தில் இரண்டு சுற்றுகளை வென்றார். மைவூஷ் போன்ற செயலிகள் இலவசம்தான், டிரெய்னருக்குத்தான் காசு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்ட மைதானத்திலும் ஒரே ஒரு டிரெய்னரும் ஒரு எடைபார்க்கும் கருவியும் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவிகளை இருபது நிமிடம் மிதிக்கவிட்டு கிலோவுக்கு எத்தனை வாட் என்று குறித்துக்கொள்ளட்டும். திருவள்ளூரில் வைத்தால், பள்ளிப்பட்டிலிருந்து பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.