ஏலக்காய்க்குக் கட்டிய வீடு
வீடும் வெப்பமும் – 7

தேனி மாவட்டத்தின் தேவாரம் ஊரில் வீடு கட்டுகிறவர் யாரும் ஹீட்டர் பற்றி யோசிப்பதில்லை. சித்திரை, வைகாசியில் இங்கே மின்விசிறியே அனலைத்தான் இறைக்கும். ஆனால் ஊருக்கு மேற்கே செங்குத்தாக எழும் மலையின் மறுபக்கம் வேறு உலகம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, ஆடிச் சாரலில் துவைத்த துணி நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அங்கே அறைக்குள் வெப்பம் வேண்டும் என்பதற்காகவே கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம் ஒன்று உண்டு. அதில் மனிதர்கள் குடியிருப்பதில்லை. ஏலக்காய் காய்கிறது.

மலையில் அதற்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். அடுப்பு வாய் சுவருக்கு வெளியே இருக்கும். விறகு அங்கே எரிய, சூடான புகை தகட்டுக் குழாய்களுக்குள் புகுந்து, அறையின் அடிப்பகுதியில் ஓடி, கடைசியில் புகைபோக்கி வழியே வெளியேறும். குழாயின் மேல் பட்ட காற்று சூடாகி எழுந்து, அடுக்கடுக்காகச் செருகியிருக்கும் வலைத்தட்டுகளுக்கு இடையே போகும். தட்டுகளில் பச்சைக்காய் ஒற்றை அடுக்காகப் பரப்பியிருக்கும். புகை குழாயை விட்டு வெளியே வராது. வெப்பம் மட்டுமே காயைத் தொடும்.

சிக்கிமில் பெரிய ஏலக்காயைக் காய வைக்கும் பழைய ‘பட்டி’களில் நிலைமை வேறு. புகை காய்க்குள்ளேயே புகுந்து போவதால் காய் கறுத்து, புகை வாடையும் ஏறிவிடும். அதைத் தவிர்க்கத்தான் டெல்லியின் ‘டெரி’ ஆய்வு நிறுவனம் அங்கே விறகை வாயுவாக்கி எரிக்கும் அடுப்புகளை வடிவமைத்தது. நம் மலையின் சின்ன ஏலக்காய்க்குப் புகை ஆகவே ஆகாது. போடியிலும் புற்றடியிலும் நடக்கும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் பச்சை நிறமும் காயின் பருமனும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுத்துவிடும், காய் வெடிக்கும். ஆகவே 45 முதல் 55 டிகிரிக்குள், ஏறாமலும் இறங்காமலும், ஏறக்குறைய ஒரு பகல் ஒரு இரவு சூடு நின்றாக வேண்டும்.

ஸ்டோர்காரர் நள்ளிரவில் எழுந்துவந்து கதவைத் திறந்தால் முகத்தில் அடிப்பது வெறும் சூடு அல்ல, ஈரமான ஆவி. ஒரு கை காயை அள்ளிக் காதருகே குலுக்குவார். தோலுக்குள் விதை கலகலத்தால் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு சூடு ஆறுவதற்குள் வலையில் தேய்த்துக் காம்பையும் பூவின் காய்ந்த மிச்சத்தையும் உதிர்க்க வேண்டும்.

இதில் எவ்வளவு வெப்பம் உண்மையில் வேலை செய்கிறது? பச்சைக்காயில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். 100 கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய 20 கிலோ கிடைக்கும். சுமார் 80 கிலோ தண்ணீர் ஆவியாகிப் போகும். அவ்வளவு தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் 53 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உலர்ந்த விறகாக எடுத்தால் 13 கிலோ போதும். ஆனால் 13 கிலோ விறகில் 100 கிலோ காயை உலர்த்திவிட்டேன் என்று சொல்லும் ஸ்டோர்காரர் எந்த மலையிலும் இல்லை. மிச்ச விறகின் சூடெல்லாம் நாலு வழியில் போகிறது: புகைபோக்கியில் கொஞ்சம், தகரக் கூரையில் கொஞ்சம், சுவரிலும் கதவு இடுக்கிலும் கொஞ்சம். நான்காவது வழி எக்ஸாஸ்ட் ஃபேன். ஈரக் காற்றை வெளியேற்றாமல் காய் காயாது. வெளியேற்றினால் அதோடு சூடும் போய்விடும்.

குளிர்நாட்டு வீடுகள் மல்லுக்கட்டியதும் இதே சிக்கலோடுதான். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகளைக் கட்டி முடித்தபோது, கனத்த வெப்பத்தடுப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, இடுக்கே இல்லாத கட்டுமானம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தார். வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கொடுக்கும் கருவி அது. இந்த வகை வீட்டுக்கு வகுத்த வரம்பு, சூடேற்ற ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஆண்டு முழுவதற்கும் 1,400 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஸ்டோருக்கு அந்தக் கருவியின் வேலையை இன்று ஹீட் பம்ப் செய்கிறது. அறையின் ஈரக் காற்றை அது ஒரு குளிர்ந்த சுருளின் மேல் செலுத்தும். ஆவி தண்ணீராகிச் சொட்டும்போது, காயிலிருந்து பிரிவதற்கு வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்த வெப்பத்தோடு காற்றை மறுபடி சூடாக்கித் தட்டுகளுக்கு அனுப்பலாம். நல்ல ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பத்தைத் தரும். விறகு மிச்சம், மரம் மிச்சம், ராக்கண் விழிப்பும் மிச்சம். ஆனால் விலை அதிகம். காய் எடுப்பு மும்முரமாகும் மழைக்காலத்தில் காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் அறை ஆறிவிடும். எனவே பழைய விறகு அடுப்பை இடிக்காமல் துணைக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அதற்கும் முன்னால் சுவரைப் பார்க்க வேண்டும். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்கப் பரப்பிய ‘எலிப்பொறி’ கட்டு முறையில், செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவே காற்று இடைவெளி விடுவார்கள். செங்கல் கால்வாசி மிச்சமாகும். வெப்பமும் சுவரைக் கடக்கத் திணறும். தகரத்துக்கு அடியில் வெப்பத்தடுப்போடு ஒரு உட்கூரை, கதவு விளிம்பில் ரப்பர் பட்டை, கரி படியாத குழாய். இவை சரியாக இருந்தால் சின்ன ஹீட் பம்ப்பே போதும். ஓட்டை அறைக்குப் பெரிய மெஷின் வாங்குவது காசைப் புகைபோக்கியில் விடுவதுதான்.

இவ்வளவு அக்கறை காய்க்கு. காய் எடுக்கிறவர்களுக்கு? சாக்குலூத்து மெட்டு வழியாக மலைக்கு ரோடு கேட்டுப் பல காலமாகத் தேவாரத்துக்காரர்கள் காத்திருக்கிறார்கள். அது வராததால் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் ஏறுகின்றன. மேலேயே தங்குகிறவர்களுக்கு ‘லயம்’ எனும் வரிசை வீடுகள். தோட்டத் தொழிலாளர்களுக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அந்த வீடு கதகதப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. தகரக் கூரையின் கீழ், புகை சூழ்ந்த அடுப்பைச் சுற்றி நனைந்த சேலைகள் தொங்கும் அறையில் குழந்தைகள் இருமுகின்றன.

ஸ்டோரில் தெரிந்த வித்தை லயத்துக்கும் பொருந்தும். காஷ்மீர் வீடுகளின் ‘புகாரி’ அடுப்பு இதே குழாய்த் தத்துவம்தான்: புகை வெளியே, சூடு உள்ளே. குழாயின் இணைப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். காற்று வர ஒரு வழியும் வேண்டும். இல்லையென்றால் கரிப்புகை உயிரைக் குடித்துவிடும். லடாக்கில் சோனம் வாங்சுக்கின் செக்மோல் பள்ளி வளாகமோ, மண் சுவராலும் தெற்கு பார்த்த கண்ணாடியாலும் வெயிலைச் சேர்த்துவைத்து உறைபனிக்காலத்தைக் கடத்துகிறது. ஆடி மாதம் வெயிலே எட்டிப் பார்க்காத ஏலமலைக்கு அது சரிப்படாது. இங்கே தேவை உட்கூரை, ஈரம் ஏறாத தரை, குழாய் வைத்த அடுப்பு. ஸ்டோர் கட்டும் அதே கொத்தனாரும் தகரவேலைக்காரரும் இதைச் செய்துவிடுவார்கள்.

(அடுத்த வாரம்: தகரக் கூரைக்கு அடியில் உட்கூரை – எதில் போடலாம், எவ்வளவு இடைவெளி விடலாம்?)