தீவனப் புல்லுக்குக் கோழி எரு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவானைக்காவல், திருவரங்கம் பகுதியில் நெல், வாழை போக மீதமுள்ள பத்து சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வளர்த்துக் கறவை மாடு பேணலாம். நாமக்கல் கோழிப் பண்ணைகள் வெகு தொலைவில் இல்லை. ஆகவே கோழி எருவை நாடுவது இயல்பே. ஆனால் அதைத் தொழு உரம் என்று எண்ணி வண்டி வண்டியாகக் கொட்டுவது தவறு.

ஒரு டன் தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 5 கிலோதான். கோழி எருவிலோ சுமார் 30 கிலோ தழைச்சத்தும் 26 கிலோ மணிச்சத்தும் உள்ளன. பத்து சென்ட் புல்லுக்கு ஆண்டுக்கு வேண்டிய மணிச்சத்து 2 கிலோ. நடவுக்கு முன் 100 கிலோ எரு இட்டாலே அது கிடைத்துவிடும். ஒவ்வொரு அறுப்புக்கும் எரு இட்டால் மணிச்சத்து வீணே மண்ணில் சேரும். எனவே ஆண்டுக்கு ஒரு முறை போதும். பின்னர் அறுப்புதோறும் 6½ கிலோ யூரியா இட்டு நீர் பாய்ச்சுங்கள்.

பச்சை எருவை இடவேண்டாம். அதிலிருந்து எழும் அம்மோனியா இளங்குருத்தைக் கருக்கும். சத்தும் காற்றோடு போய்விடும். நறுக்கிய வைக்கோல் அல்லது தென்னை நார்க்கழிவுடன் கலந்து, நிழலில் குவித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி அடங்கிய பின்பே வயலுக்குக் கொண்டு செல்லலாம். குவியலில் செத்த கோழி, எலும்பு இருந்தால் அகற்றிப் புதையுங்கள். அழுகிய உடலில் உண்டாகும் நஞ்சு தீவனத்தோடு சேர்ந்தால் மாடு கால் தளர்ந்து படுத்துவிடும், பிழைப்பது அரிது. எரு இட்ட நிலத்தில் மாட்டை மேயவிடாமல், புல்லை அறுத்தே போடுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தழைச்சத்து மிகுந்த புல் வறட்சியில் வாடினால், அல்லது மூட்டமான நாட்களில், நைட்ரேட் தண்டின் அடியில் தேங்கும். அதைத் தின்ற மாடு மூச்சு வாங்கும்; இரத்தம் பழுப்பாகும். கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். முதல் அறுப்பை 75 நாளிலும், அடுத்தவற்றை 45 நாளுக்கு ஒரு முறையும் செய்யுங்கள். வாடிய புல் மழை கண்டு தழைத்தால் சில நாள் பொறுத்து, வைக்கோலும் கலந்து கொடுங்கள்.

மழைக்காலத்தில் குவியலை மூடி வையுங்கள். கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் குவிக்கவேண்டாம்.