மூன்று வயது ஏன் அடம்பிடிக்கிறது?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையின் மாலைக் கூட்டத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். பலூன்காரர் கடந்து போய்விட்டார். மூன்று வயதுக் குழந்தை தரையில் புரண்டு வீறிட்டு அழுகிறது. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க’ என்கிறார் பக்கத்தில் நிற்பவர். அநியாயமான தீர்ப்பு அது. காரணம், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளை.

ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, பாதாம் பருப்பு வடிவில் மூளையின் ஆழத்தில் இருக்கிறது. பிறந்தது முதலே அது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. அதனிடம் ‘பொறு’ என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகளும் மெல்லத்தான் உறுதிப்படுகின்றன. பசியும் தூக்கமும் சேர்ந்தால் இருக்கிற கொஞ்சக் கட்டுப்பாடும் போய்விடும். அங்கன்வாடியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துத் தூங்கவைப்பது எவ்வளவு நல்ல வழக்கம்!

அழும் குழந்தை எப்படி அடங்குகிறது? பெரியவரின் நிதானத்தைக் கடன் வாங்கித்தான். தூக்கி அணைத்துத் தாழ்ந்த குரலில் பேசினால் மூச்சு சீராகும், இதயத் துடிப்பு இறங்கும். ‘பலூன் போயிடுச்சுன்னு கோபமா இருக்கா கண்ணு?’ என்று கேளுங்கள். 2007இல் மேத்யூ லீபர்மன் குழு அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடத்திய ஸ்கேன் ஆய்வில், படத்திலிருந்த முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது. குழந்தைக்கு அந்தச் சொற்கள் இன்னும் கைவரவில்லை. நாம்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

அதற்காகப் பலூன் வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணத்தை மட்டும் அழுகை ஓய்ந்த பிறகு சொல்லுங்கள். அப்போதுதான் அது காதில் ஏறும்.